பலாலி விமானம் அடுத்த மாதமும் பறக்குமா?

இந்தியாவின் மத்திய அமைச்சரவை 2016 ஜூன் 15 ஆம் திகதி தேசிய சிவில் விமானப் போக்குவரத்துக் கொள்கையொன்றுக்கு அங்கீகாரம் வழங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் துறை முழுவதையும் ஒரே ஆவணத்துக்குள் கொண்டுவந்த முதலாவது கொள்கை அது என்று இந்திய அரசாங்கம் அன்று கூறிக்கொண்டது. யார் விமானசேவை நடத்தலாம், எப்போது வெளிநாடுகளுக்குப் பறக்கலாம், இலாபமில்லாத சிறு நகரங்களுக்கு யார் பறக்கவேண்டும், அந்த நட்டத்தை யார் ஏற்பது என்பன எல்லாம் அந்த ஆவணத்தில் எழுத்தில் வைக்கப்பட்டன. கொழும்பில் அதை அன்று கூர்ந்து கவனித்தவர்கள் மிகச் சிலரே. ஆனால், இலங்கையின் வடக்கிலே வாழ்கின்ற மக்களுக்கும் அங்கிருந்து உலகெங்கும் சிதறிப்போன எமது உறவுகளுக்கும் அந்த ஆவணத்திலிருந்து கற்றுக்கொள்வதற்குச் சில பாடங்கள் இருக்கின்றன. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்தக் கொள்கை வருவதற்கு முன்னர் இந்தியாவில் '5/20' என்று அழைக்கப்பட்ட விதியொன்று நடைமுறையில் இருந்தது. உள்நாட்டில் ஐந்து வருடங்கள் சேவை நடத்தி, 20 விமானங்களையும் வைத்திருக்கும் கம்பனிகளே வெளிநாடுகளுக்குப் பறக்கலாம் என்பது அந்த விதி. தனியார் விமானசேவைகளுக்கு வெளிநாட்டு வானம் திறந்துவிடப்பட்ட காலகட்டத்தில் வந்த கட்டுப்பாடு அது. அந்தத் திறப்பின் முதற்பயன் எமது நாட்டையே வந்தடைந்தது. 2004 மார்ச்சில் ஜெட் எயார்வேய்ஸ் நடத்திய முதலாவது சர்வதேச சேவை சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்தது என்பதை வாசகர்கள் பலர் மறந்திருக்கக்கூடும்.

5/20 விதி அரசுக்குச் சொந்தமாக இருந்த எயார் இந்தியாவைப் பாதுகாப்பதற்கானது என்று விமர்சகர்கள் கூறினார்கள். புதிதாக வந்த விஸ்தாரா, எயார் ஏசியா இந்தியா போன்ற கம்பனிகள் அதை நீக்குமாறு கோரின. ஐந்து வருடங்கள் காத்திருந்து, நட்டங்களையும் தாங்கி, தகுதிபெற்ற பழைய கம்பனிகளோ நாங்கள் அனுபவித்த தண்டனையை இவர்கள் மாத்திரம் ஏன் அனுபவிக்கக்கூடாது என்று கேட்டன. 2016 கொள்கை இரு தரப்புக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது. ஐந்து வருட நிபந்தனை நீக்கப்பட்டது. ஆனால், 20 விமானங்கள் அல்லது மொத்த ஆசனக் கொள்ளளவில் 20 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதை உள்நாட்டுச் சேவையில் ஈடுபடுத்தவேண்டும் என்பது புதிய நிபந்தனை. வெளிநாட்டில் சம்பாதிக்க விரும்புபவன் முதலில் உள்நாட்டு மக்களுக்குச் சேவை செய்யவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

அதே கொள்கையின் மற்றொரு அம்சம் 'உடான்' என்று பெயரிடப்பட்ட பிராந்திய விமானசேவைத் திட்டம். விமானமே வராத, அல்லது வந்து நின்றுபோன சிறு விமான நிலையங்களுக்குச் சேவை நடத்த முன்வரும் கம்பனிகள் கேள்விப்பத்திரம் மூலம் தெரிவுசெய்யப்படும். ஒரு மணித்தியாலப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபா என்ற கட்டணத்தில் ஏறத்தாழ அரைவாசி ஆசனங்களை அவை விற்கவேண்டும். அதனால் ஏற்படும் இழப்பை அரசு ஈடுசெய்யும். அதற்கான பணத்தின் ஒரு பகுதி பெருநகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களின் மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து வரும். மாநில அரசும் தன் பங்கைச் செலுத்தி, எரிபொருள் வரியையும் குறைக்கவேண்டும். அந்த வழியில் அதே கம்பனிக்கு மூன்று வருடங்களுக்குத் தனியுரிமை உண்டு. இத்திட்டத்தின் முதலாவது விமானம் 2017 ஏப்ரில் 27 ஆம் திகதி சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது.

சார்க் நாடுகளுடனும் டில்லியிலிருந்து 5,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நாடுகளுடனும் பரஸ்பர அடிப்படையில் திறந்த வான் உடன்படிக்கைகளைச் செய்துகொள்வது என்பதும் அந்த ஆவணத்தில் உண்டு. அதே ஆண்டு டிசெம்பரில் பஹாமாஸ் நாட்டின் தலைநகர் நசோவில் நடைபெற்ற சர்வதேச விமானசேவைப் பேச்சுவார்த்தைகளின்போது இந்தியா இலங்கையுடன் அத்தகைய உடன்பாடொன்றுக்கு வந்தது. சென்னை உட்பட இந்தியாவின் ஆறு பெருநகர்களுக்கு எண்ணிக்கை வரையறையின்றிப் பறப்பதற்கு அது வழிசெய்தது. ஆக, பாக்குநீரிணைக்கு மேலே பறப்பதற்கு அனுமதியில்லை என்று எவரும் இன்று கூறமுடியாது. வானம் திறந்தே இருக்கிறது. தரையில்தான் சிக்கல்.

இந்தியக் கொள்கையைப் புகழ்ந்து பாடுவது எனது நோக்கமல்ல. உடான் திட்டத்தைப் பற்றி அந்த நாட்டின் கணக்காய்வாளர் நாயகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் போதும். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கட்டங்களில் வழங்கப்பட்ட 774 வழிகளில் 403 வழிகளில் சேவை தொடங்கவேயில்லை. தொடங்கிய 371 வழிகளில் மூன்று வருடங்களைப் பூர்த்திசெய்தவை 112 மாத்திரமே. அதற்கு அப்பாலும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54 வழிகள். தமிழ்நாட்டில் சேலத்தின் கதையும் இத்தகையதே. 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் தொடங்கியது. 2021 இல் நின்றது. 2023 ஒக்டோபரில் மீண்டும் வந்தது. மானியம் ஓர் ஊரில் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கலாம். அங்கேயே வைத்திருப்பதற்குப் பயணிகளும் வேண்டும், பொருத்தமான சிறு விமானங்களும் வேண்டும், விமானிகளும் வேண்டும்.

2025 டிசெம்பரில் நடந்தது இன்னும் பெரிய படிப்பினை. விமானிகளின் களைப்பைக் குறைப்பதற்காக அவர்களது வாராந்த ஓய்வை 36 மணித்தியாலங்களிலிருந்து 48 ஆக உயர்த்தியும் இரவுநேரத் தரையிறக்கங்களை மட்டுப்படுத்தியும் கொண்டுவரப்பட்ட விதிகள் நவம்பர் முதலாம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அதற்குரிய ஆயத்தங்களைச் செய்துகொள்ளாத இன்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை இரத்துச்செய்தது. டிசெம்பர் 5 ஆம் திகதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் பறக்கவில்லை. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோரை ஏற்றிச்செல்லும் கம்பனி என்பதால் ஒழுங்குபடுத்தும் அமைப்பே இறங்கிவந்து அதற்குத் தற்காலிக விலக்களிக்க நேர்ந்தது. விதியை எழுதிவிட்டால் போதாது, அதை மீறுபவன் விதியைவிடப் பெரியவனாக வளர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இருந்தாலும், ஒரு விடயத்தை மறுப்பதற்கில்லை. அங்கே வாக்குறுதி எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததனால்தான் 774 இல் எத்தனை தோற்றன என்று ஒரு கணக்காய்வாளரால் எண்ணிச் சொல்ல முடிந்தது. சேலத்து மக்கள் எங்கள் விமானம் எங்கே என்று ஓர் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க முடிந்தது.

எமது நாட்டின் நிலை என்ன? சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2002 இல் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2010 இன் 14 ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு, அனுமதிப்பத்திரம் ஆகியவை தொடர்பான சர்வதேச நியமங்கள் பின்பற்றப்படுகின்றன. ஆனால், கொள்கை என்று வரும்போது கடந்த பல தசாப்தங்களாக இந்த நாட்டில் பேசப்பட்டது ஒரேயொரு கேள்விதான். தேசிய விமானசேவையை என்ன செய்வது என்பதே அது. விமானக் கம்பனியொன்றைப் பராமரிப்பதே விமானக் கொள்கை என்றாகிவிட்டது.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. எயர் சிலோனின் முதலாவது சேவை 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கும் அங்கிருந்து சென்னைக்கும் பறந்தது. 'சீதா தேவி' என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் அது. இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதையே அன்று காங்கேசன்துறை விமான நிலையமாக விளங்கியது. அதாவது, சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே யாழ்ப்பாணம் இந்த நாட்டின் முதலாவது சர்வதேச விமான வழியில் ஒரு தரிப்பிடமாக இருந்தது. இன்று பலாலிக்கு ஏதோ புதிய சலுகை வழங்கப்படுவதைப் போன்று பேசுகின்ற தென்னிலங்கை அரசியல்வாதிகள் இந்த வரலாற்றை அறிந்திருக்கவேண்டும்.

1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், பலாலியிலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. பயணிகள் இறங்கிவிட்டிருந்ததால் உயிரிழப்பு ஏற்படவில்லை. அடுத்த ஆண்டில் எயர் சிலோனின் இடத்துக்கு எயர் லங்கா வந்தது. பின்னர் போர் வானத்தையும் தன்வசமாக்கிக்கொண்டது. 1986 மே 3 ஆம் திகதி கட்டுநாயக்காவில் குண்டுவெடிப்பினால் எயர் லங்கா விமானத்தில் பயணிகள் உயிரிழந்ததும், 2001 ஜூலை 24 ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அதே விமான நிலையத்தில் விமானங்கள் எரிந்ததும் வாசகர்கள் அறிந்தவையே.

வடக்கு மக்களுக்கு இவற்றையெல்லாம் விட நெருக்கமான நாள் 1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. புலிகளால் சுட்டுவீழ்த்தப்பட்டதாகக் கூறப்பட்ட அந்த விமானத்தின் சிதைவுகள் 2012 ஆம் ஆண்டில்தான் கடலடியில் கண்டறியப்பட்டன. அன்றிரவு நாங்கள் இருந்த செய்தி அறைக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்த தொலைபேசி அழைப்புகளை என்னால் மறக்கமுடியாது. பயணிகளின் பெயர்ப்பட்டியல் வந்துவிட்டதா என்பதே எல்லோரது கேள்வியும். கையில் பட்டியல் இல்லாமல் எவருக்கும் எதுவும் சொல்லமுடியாமல் இருந்தோம். தரைப்பாதை மூடப்பட்டு, வானும் கைவிட்ட நிலையில், கப்பலே கதியென்று திருகோணமலையில் நாட்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் எத்தனையோ பேர். போக்குவரத்து என்பது வடக்கு மக்களுக்கு வசதி சார்ந்த விடயம் அல்ல என்பதை அந்தக் காலகட்டத்தைக் கடந்துவந்த எவருக்கும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

கொழும்பில் நடந்தது வேறு கதை. 1998 இல் எமிரேட்ஸ் நிறுவனம் எயர் லங்காவின் பங்குகளை வாங்கி, பத்து வருடங்களுக்கு முகாமைத்துவத்தையும் பொறுப்பேற்றது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயரும் அப்போதே வந்தது. கட்டுநாயக்காவில் ஏனைய விமானங்களுக்கான தரைச்சேவையையும் உணவு வழங்கலையும் செய்யும் தனியுரிமை அந்த ஏற்பாட்டின் ஓர் அங்கமாக இருந்தது. போட்டியாளன் தனது விமானத்தின் பொதிகளை இறக்குவதற்கும் உனக்கே பணம் செலுத்தவேண்டும் என்ற நிலைமை எத்தகைய போட்டியை உருவாக்கும் என்பதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

2007 டிசெம்பரில் இலண்டனிலிருந்து நாடு திரும்பவிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினருக்கு 35 ஆசனங்கள் கேட்கப்பட்டன. ஏற்கெனவே பதிவுசெய்திருந்த பயணிகளை இறக்கிவிட்டு அவற்றை வழங்க விமானசேவை மறுத்தது என்பது அன்று பரவலாக வெளியான செய்தி. அதைத் தொடர்ந்து நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில்லின் தொழில் விசா இரத்துச்செய்யப்பட்டது. 2008 மார்ச் மாத முடிவில் எமிரேட்ஸ் முகாமைத்துவத்திலிருந்து விலகியது. 2010 இல் அதன் 43.63 சதவீதப் பங்குகளை அரசாங்கம் 53 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. எமிரேட்ஸ் போகத்தான் வேண்டுமா, இருக்கத்தான் வேண்டுமா என்பது வாதத்துக்குரியது. ஆனால், பயணச்சீட்டு வாங்கிய பயணியை இறக்கிவிட முடியாது என்று கூறியது தண்டனைக்குரிய குற்றமாக ஆகிவிட்டதே, அங்குதான் எழுதப்பட்ட விதிக்கும் ஆட்சியாளரின் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

2007 இல் பறக்கத் தொடங்கிய மிஹின் லங்கா என்ற இரண்டாவது அரச விமானசேவை நட்டத்துடன் நட்டமாக 2016 ஒக்டோபரில் மூடப்பட்டது. 2013 மார்ச் 18 ஆம் திகதி 209 மில்லியன் டொலர் செலவில், பெரும்பாலும் சீனக் கடனில், மத்தளையில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு ஸ்ரீலங்கன் அங்கிருந்து வெளியேறியது. அந்த ஆண்டிலேயே அதன் களஞ்சியங்களில் நெல் சேமித்துவைக்கப்பட்டது. பிறகு எயார்பஸ் விவகாரம் வந்தது. எயார்பஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் பிரித்தானியாவிலும் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் 3.6 பில்லியன் யூரோ தண்டம் செலுத்தி இணக்கத்துக்கு வந்தபோது வெளியான நீதிமன்ற ஆவணங்களில் ஸ்ரீலங்கனின் கொள்வனவு தொடர்பிலான இலஞ்சமும் இடம்பெற்றிருந்தது. அரசாங்க உத்தரவாதத்துடன் ஸ்ரீலங்கன் பெற்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் 2024 ஜூனில் முதிர்வடைந்தபோது நாடு ஏற்கெனவே வங்குரோத்து நிலையில் இருந்தது.

இந்த நிறுவனத்தை விற்பதா, வைத்திருப்பதா என்று ரணில் விக்கிரமசிங்கவின் ஆட்சியில் ஒரு முடிவும், அநுர குமார திசாநாயக்கவின் ஆட்சியில் அதற்கு எதிரான முடிவும் எடுக்கப்பட்டன. இரு முடிவுகளுக்கும் நியாயங்கள் இருக்கலாம். இந்தியாவும் எயார் இந்தியாவைப் பல தசாப்தங்கள் சுமந்துவிட்டு 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்திடம் கையளித்தது. ஆனால், கம்பனியின் சொந்தக்காரர் யார் என்பதற்கும் நாட்டின் மக்கள் எங்கிருந்து எங்கே, எந்த நிச்சயத்துடன் பறக்கலாம் என்பதற்கும் இடையிலான வேறுபாட்டை எமது அரசியல்வாதிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. முதலாவது கேள்விக்கு விடை காண்பதில் செலவாகிய காலத்திலும் பணத்திலும் ஒரு சிறு பங்கு கூட இரண்டாவதற்குச் செலவாகவில்லை.

பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னதாக, அது திறந்துவைக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை தொடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனா பெருந்தொற்று அதை நிறுத்தியது. அது எவருடைய குற்றமும் அல்ல. ஆனால், 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்காக நாடு திறந்துவிடப்பட்டு, கட்டுநாயக்கா இயங்கத் தொடங்கிய பிறகும் பலாலி 2022 டிசெம்பர் 12 ஆம் திகதி வரை மூடிக்கிடந்தது. ஏறத்தாழ இரண்டு வருடங்கள். அதை மூடிவைப்பதற்கு எவரும் தீர்மானம் எடுத்ததாக இல்லை. திறப்பதற்கான கடமை எவருக்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே உண்மை. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேவைகளைத் தொடங்கியது.

திருச்சிக்கும் பலாலிக்கும் இடையில் வான்வழித் தூரம் 200 கிலோமீற்றருக்கும் குறைவு. சென்னைக்கும் சுமார் 350 கிலோமீற்றர்தான். ஆனால், பலாலி மூடிக்கிடந்த காலத்தில் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகவேண்டிய யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் முதலில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பேருந்தில் வந்து, கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கி, கட்டுநாயக்காவுக்குச் சென்று, பின்னர் வந்த வழியே வடக்கு நோக்கிப் பறக்கவேண்டியிருந்தது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ தாயாரின் மரணச்சடங்குக்கு ஓடோடி வருகின்ற மகனுக்கும் அதே சுற்றுவழிதான்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியோரத்தில் பயண முகவர் நிலையங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றை நடத்துகின்ற நண்பர் ஒருவரிடம் பலாலிச் சேவைக்கு வரவேற்பு எப்படி என்று கேட்டேன். "ஐயா, சனம் விலையைக் கேக்கிறதுக்கு முதல் ஒண்டைத்தான் கேக்குது. இது அடுத்த மாசமும் ஓடுமோ எண்டு. திரும்பி வாற ரிக்கெற்றையும் பலாலிக்குப் போடட்டோ எண்டு யோசிக்கினம். நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அவர். விமானக் கொள்கை பற்றி நிபுணர்கள் எழுதிய பல பக்கங்களை விட இந்தக் கேள்வி எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றியது. ஒரு கொள்கை என்பது இறுதியில் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

உலகின் பிற பகுதிகளில் இதற்கு விடை காணப்படாமல் இல்லை. அமெரிக்கா 1978 இல் விமானசேவைகள் மீதான கட்டுப்பாடுகளை நீக்கியபோது சிறு ஊர்கள் கைவிடப்பட்டுவிடும் என்று அஞ்சி, அத்தியாவசிய விமானசேவை என்ற மானியத் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பொதுச்சேவைக் கடப்பாடு என்ற ஏற்பாடு இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை சேவை, எவ்வளவு கட்டணம், எத்தனை வருடங்கள் என்பதை அரசே நிர்ணயித்துக் கேள்விப்பத்திரம் கோரும். கடற்கரை மணலையே ஓடுபாதையாகக் கொண்டு, வற்றுப்பெருக்கைப் பார்த்து விமானம் இறங்குகின்ற ஸ்கொட்லாந்தின் பரா என்ற சிறு தீவுக்கும் கிளாஸ்கோவிலிருந்து அத்தகைய ஏற்பாட்டின் கீழ் விமானம் வருகிறது. இலாபம் வராது என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீவின் மக்களும் பிரஜைகள் என்பது அதைவிட முக்கியமாகக் கருதப்படுகிறது.

இலங்கைக்கென எழுதப்படும் எந்தவொரு தேசிய விமானக் கொள்கையும் குறைந்தது நான்கு விடயங்களுக்கு விதி வகுக்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

முதலாவது, தொடர்ச்சி. பலாலி போன்ற நிலையங்களுக்கான வழிகள் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் வழங்கப்படவேண்டும். உரிய முன்னறிவித்தலின்றிச் சேவையை நிறுத்தும் கம்பனிக்குத் தண்டமும், நியாயமான நட்டத்துக்கு ஈடும் இருக்கவேண்டும். ஒரே கம்பனியில் தங்கியிருப்பதன் அபாயத்தை 2025 டிசெம்பர் உணர்த்தியிருப்பதால், இரண்டாவது சேவையாளரை வரவழைப்பதும் அரசின் கடமையாகச் சொல்லப்படவேண்டும்.

இரண்டாவது, வரி. வெளிநாடு செல்லும் பயணியிடம் அறவிடப்படும் புறப்பாட்டுத் தீர்வை 200 கிலோமீற்றர் செல்பவருக்கும் பல்லாயிரம் கிலோமீற்றர் செல்பவருக்கும் ஒரே அளவில் பொருந்தக்கூடியதல்ல. குறுந்தூரப் பயணத்தில் பயணச்சீட்டின் விலையில் அந்தத் தீர்வையே பெரும் பங்காகிவிடுகிறது. இதற்கான குறைப்பு அவ்வப்போது அமைச்சரவை மனமிரங்கி வழங்கும் சலுகையாக இல்லாமல், தூரத்தின் அடிப்படையிலான நிரந்தர விதியாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, சம களம். தரைச்சேவை, உணவு வழங்கல் போன்றவற்றில் தேசிய விமானசேவைக்கு நீண்டகாலமாக இருந்துவருகின்ற தனியுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்து, தகுதியுள்ள எவரும் போட்டியிட வழிசெய்யவேண்டும். ஸ்ரீலங்கன் அரசின் கையில் இருந்தாலும் சரி, தனியாரிடம் போனாலும் சரி, இது அவசியம். அத்துடன், பதிவுசெய்த பயணியை இறக்கிவிடுவதற்கும் சேவையை இரத்துச்செய்வதற்கும் உரிய நட்டஈடு சட்டத்தில் இருக்கவேண்டும். அந்த உரிமைகள் பயணச்சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படவேண்டும்.

நான்காவது, காணி. இது மிகவும் வேதனைக்குரிய விடயம். ஏடிஆர் ரக சிறு விமானங்களுக்கு மாத்திரமே பொருத்தமான பலாலி ஓடுபாதையை நீட்டினால்தான் பெரிய விமானங்கள் வரமுடியும். ஆனால், அந்த ஓடுபாதையைச் சூழவுள்ள மண் 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் மண். உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பறிபோன காணிகளின் உரித்துப் பத்திரங்களை வைத்துக்கொண்டு முகாம்களிலேயே இறந்துபோன முதியவர்கள் இருக்கிறார்கள். விமான நிலைய அபிவிருத்தி என்ற பெயரில் அந்த அநீதி நிரந்தரமாக்கப்படுவதற்கு இடமளிக்கமுடியாது. எந்தக் காணி உண்மையில் ஓடுபாதைக்குத் தேவை, எது இராணுவத்தின் வசதிக்காகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதை வரைபடத்துடன் அரசாங்கம் பகிரங்கப்படுத்தவேண்டும். தேவையானதற்குச் சந்தைப் பெறுமதியில் இழப்பீடும் மாற்றுக்காணியும் வழங்கவேண்டும். மற்றதை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இவற்றுக்கு எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படும் என்பதை அறிவேன். கடனில் மூழ்கிய நாட்டுக்கு மானியம் வழங்க ஏது பணம் என்பது ஒன்று. மத்தளைக்குச் செலவிட்ட 209 மில்லியன் டொலரையும் ஸ்ரீலங்கனின் நட்டங்களுக்காகத் திறைசேரி தாங்கிய சுமையையும் நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டும். சிறு விமானமொன்றின் சில வாராந்தச் சேவைகளுக்கான ஈடு அந்தக் கணக்கில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வராது. மற்றது, வடக்குக்கு மாத்திரம் ஏன் விசேட கவனிப்பு என்ற கேள்வி. நான் கோருவது வடக்குக்கான சலுகையல்ல. மட்டக்களப்புக்கும் மத்தளைக்கும் பொருந்தக்கூடிய பொதுவிதி அது. பொதுவிதி இருந்திருந்தால் பயணிகள் இல்லாத இடத்தில் பெரும் விமான நிலையமும், பயணிகள் காத்திருக்கும் இடத்தில் குட்டையான ஓடுபாதையும் அமைந்திருக்கமாட்டா.

தமிழ் அரசியல் கட்சிகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. பலாலியில் ஒவ்வொரு புதிய விமானம் வந்திறங்கும்போதும் மாலையுடன் நின்று படம் எடுத்துக்கொள்வதில் எமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் பின்னிற்பதில்லை. விமானம் நின்றுபோன மாதங்களில் அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்டு, பதிலை ஹன்சாட்டில் பதியவைப்பதில் அந்த ஆர்வத்தைக் காணமுடிவதில்லை. புலம்பெயர்ந்த தமிழ் அமைப்புகளும் பலாலியைப் பற்றி உணர்ச்சிபூர்வமாகப் பேசுகின்றன. ஆனால், கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் சென்னை வழியாகப் பலாலிக்குப் பறக்க முன்வருவார்கள் என்ற கணக்கைத் திரட்டிக் கம்பனிகளின் முன்னால் வைப்பது உணர்ச்சியை விடப் பயன்தரும். காலியான ஆசனங்களுடன் எந்தக் கம்பனியும் நெடுநாள் பறக்காது என்பதற்கு உடான் திட்டத்தின் புள்ளிவிபரங்களே சான்று.

அரசாங்கம் செய்யவேண்டிய முதற்காரியத்துக்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை. தேசிய விமானக் கொள்கையின் வரைவை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அம்பாந்தோட்டையிலும் பகிரங்க அமர்வுகளை நடத்தி, மக்களின் கருத்தைக் கேட்கட்டும். அந்த அமர்வுகளில் வலிகாமம் வடக்கின் காணிச் சொந்தக்காரரும், வெள்ளவத்தையின் பயண முகவரும், விமானக் கம்பனியின் பிரதிநிதியும் ஒரே மேசையில் பேசட்டும். கேட்டறிந்ததை எழுதி, நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, வருடத்துக்கு ஒரு தடவை கணக்காய்வாளர் நாயகத்தைக் கொண்டு பரிசீலிக்கச் செய்யட்டும். அப்போது பலாலிக்குத் திரும்பிவரும் பயணச்சீட்டைக் கேட்பவருக்கு முகவர் தயக்கமின்றி அதை எழுதிக் கொடுப்பார்.